மூட்டை முடிச்சும் முதுகலைப் படிப்பும்

கேள்வி:

எங்களுக்குப் பாண்டியில் பெரிய மார்க்கெட்டுக்குள் வெங்காயம், உருளைக்கிழங்குக் கடை. தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். சென்னைக்குப் பக்கத்தில் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளங்கலை) படித்து, ஆறு மாத இன்டர்ன்ஷிப்பையும் முடித்துவிட்டேன்.

குழந்தைகளுக்கான தெரபி சென்டர் ஒன்றில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கூடப் படித்தவர்கள் அதன் முதுகலையான எம்.ஓ.டி. சேரப் போகிறார்கள். "பேச்சலர் டிகிரியை மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் இல்லாம தெரபிஸ்ட்டே ஆக முடியாது" என்று பயமுறுத்துகிறார்கள். அப்பா, "படிக்கிறதுன்னா படி, ஆனா எதுக்குன்னு சொல்லு" என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. போன வருஷம் என் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கைக்குப் பாதி இயக்கம் திரும்பிவிட்டது. வீட்டில் பந்து கொடுத்துப் பிசையச் சொன்னேன். "இதப் பிசைஞ்சு என்னம்மா ஆவப்போவுது? ஒரு மூட்ட முடிச்ச அவுக்க முடியல, கவரப் பிரிக்க முடியல, கடையில உக்காந்தா கல்லாவுல சில்லறை எடுக்க முடியல" என்றார். நாலரை வருஷம் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. எம்.ஓ.டி. படித்தால் தெரியுமா? படிப்பதென்றால் எங்கே, எந்தப் பிரிவில்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரிய மார்க்கெட், புதுச்சேரி.

பதில்:

உங்கள் தோழிகள் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது சரி. அதை இங்கே கொண்டுவந்து ஒட்டியதுதான் தப்பு. அங்கே ஒருவர் உளவியலோ உயிரியலோ வேறு எதுவோ இளங்கலை படித்துவிட்டு, அதற்கு மேல் முதுகலையிலோ முனைவர் நிலைப் படிப்பிலோ சேர்ந்துதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகிறார். 2007-லிருந்து இளங்கலை மட்டும் போதாது என்றாகிவிட்டது. அவர்களுக்கு மாஸ்டர்ஸ்தான் தொழிலுக்குள் நுழையும் வாசல். நமக்கு அந்த வாசல் பி.ஓ.டி. நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள். 2021-இல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டமும், குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு உள்ளவரைத்தான் சுகாதாரத் தொழிலர் என்கிறது. ஒழுங்காக நடந்த ஒரு பி.ஓ.டி. அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு எம்.ஓ.டி. வேண்டியதில்லை.

அமெரிக்கர்களே இதில் ஒரு மனதாக இல்லை. 2027 முதல் முனைவர் நிலைப் படிப்பு இருந்தால்தான் தெரபிஸ்ட் என்று அவர்களுடைய அங்கீகார அமைப்பு 2017-இல் அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2019-இல் முதுகலை, முனைவர் நிலை இரண்டு வழியும் இருக்கட்டும் என்று தொழில் சங்கம் முடிவு செய்தது. கூடுதல் ஆண்டும் கூடுதல் கடனும் யாருக்கு லாபம் என்று அங்கே கேட்டார்கள். உங்கள் அப்பா கேட்பதும் அதேதான். அவரைச் சாதாரணமாக எடைபோடாதீர்கள்.

அவருக்குச் சொல்ல ஒரு பதில் தருகிறேன். அதற்குமுன் சித்தப்பா.

அவரைப் பார்க்காமல் சிகிச்சை சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். பொதுவாக ஒன்று: பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விரல் மடங்குவது முதலில் வந்துவிடும், விரிவதுதான் பாடுபடுத்தும். பந்து மடக்குவதற்கான பயிற்சி. அவர் கேட்கும் மூன்று வேலையில் ஒன்றுகூட முழுப்பிடியைக் கேட்பதில்லை. சாக்கு முடிச்சை அவிழ்க்க, ஒரு கை சாக்கின் வாயை அசையாமல் பிடிக்க வேண்டும். மறு கையின் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் கயிற்றின் இடுக்கில் நுழைய வேண்டும். இரண்டும் நடக்கும்போது உடம்பு முன்னால் குனிந்து நிற்கிறது, ஆகவே இடுப்பும் காலும் தாங்க வேண்டும். கவரைப் பிரிப்பதற்கு வலுவே வேண்டாம், இரண்டு விரல் நுனியும் எதிரெதிர் திசையில் தேய்த்தால் போதும். ஆனால் அந்த இரண்டு ஏடும் பிரிந்ததா இல்லையா என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். அங்கே சிக்கல் தொடுவுணர்வில் இருக்கலாம். (பாண்டியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருக்கிறது என்பதை மார்க்கெட்டில் யாருக்கும் நான் ஞாபகப்படுத்தப் போவதில்லை.) சில்லறை எடுப்பது இன்னும் சிக்கலானது. மூன்று பேர் ஒரே நேரத்தில் விலை கேட்கும்போது, மனக்கணக்கும் போட்டு, நாணயத்தையும் பொறுக்கி, எதிரே நிற்பவர் முகத்தையும் பார்க்க வேண்டும். கை சரியாகி, கவனம் சரியாகாமல் போனால் கல்லாவில் உட்கார முடியாது. கல்லாவை இன்னொருவர் பார்த்துக்கொள்ள இவர் எடை போடலாமா, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி பாதிச் சுமையைக் குறைக்குமா, தராசை இடப்பக்கம் மாற்றினால் என்ன, முடிச்சை அவிழ்க்காமல் கொக்கிக் கத்தியால் அறுத்தால் என்ன — இவையெல்லாம் சிகிச்சைதான். சிகிச்சைக்குப் பிறகு சொல்லும் சில்லறை யோசனைகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் எம்.ஓ.டி. பாடமா? இல்லை. பி.ஓ.டி.யிலேயே வந்திருக்க வேண்டியது. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு, அடிப்படைப் படிப்பிலேயே குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. உங்கள் கல்லூரியில் மணி நேரம் குறைந்திருக்காது. அந்த நேரம் எங்கே போனது என்பதுதான் விஷயம். நம் பல சிகிச்சை அறைகளில் அதே மரக்குச்சிப் பலகை, அதே கூம்புகள், அதே பந்து. வெங்காயக் கடைக்காரர், தையல்காரர், பள்ளி ஆசிரியை என்று யார் வந்தாலும் கையில் கொடுப்பது அதையே. ஏன் இதைக் கொடுத்தாய் என்று நின்று கேட்கும் மூத்தவர் இல்லாவிட்டால் மாணவிக்கும் கேட்கத் தோன்றாது.

நம் ஊர்ப்பக்கம் இந்தத் தொழில் இப்படி ஆரம்பிக்கவில்லை. அமெரிக்காவில் பிறந்து, இங்கே மருமகளாக வந்து, பிறகு அங்கே திரும்பிப் போய் இந்தத் தொழிலைப் படித்த கமலா நிம்ப்கர், 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கை திறந்த பிறகு அந்தக் கையை வைத்து என்ன செய்வது என்று நோயாளிகள் கேட்டார்கள். அதற்காக ஒரு மையம் ஏற்படுத்தி, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். விரல்கள் தேய்ந்து போவதற்குப் பெரும்பாலும் நோய் நேரடிக் காரணம் இல்லை, உணர்வற்ற கை கருவியை அளவுக்கு மீறி அழுத்திப் பிடிப்பதும் சூட்டை அறியாமல் தொடுவதும்தான் காரணம் என்பது, அன்றாட வேலையைக் கூர்ந்து பார்த்ததால் தெளிவானது. ஆபரேஷன் தியேட்டரில் உட்கார்ந்திருந்தால் அது தெரிந்திருக்காது. 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வந்தது. வேலையைப் பார், பிறகு கையைப் பார் என்ற பழக்கம் நமக்குப் புதியதல்ல. கொஞ்சம் மறந்துபோனது, அவ்வளவுதான்.

இனி அப்பாவுக்கான பதில். எம்.ஓ.டி. எதற்கு? கல்லூரியில் கற்பிக்க வேண்டுமென்றால் அது இல்லாமல் நடக்காது. அது நேரடிக் காரணம், அதில் விவாதமில்லை. மற்றவர்களுக்கு அது தரக்கூடிய பெரிய விஷயம் ஒன்றுதான்: நீங்கள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லவும், அது பலித்ததா என்று அளந்து காட்டவும், பலிக்காதபோது மாற்றவும் இரண்டு வருடம் ஒருவர் உங்களை விடாமல் கேள்வி கேட்பார். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் நீங்கள் சேர்ந்தால், கிடைப்பது இன்னொரு சான்றிதழும் இன்னொரு கடனும்தான். ஆகவே கல்லூரியின் பெயரையோ கட்டடத்தையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். யார் கேள்வி கேட்பார், எந்த நோயாளி எதிரே உட்காருவார், இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

இடங்களைச் சொல்கிறேன். உங்களுக்குப் பக்கத்தில் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., மேற்கே கோவையில் கே.எம்.சி.எச்., கர்நாடகத்தில் மணிப்பால். அரசு நிறுவனங்களில் ஒடிசாவின் கட்டாக் பக்கம் ஒலட்பூரில் இருக்கும் சுவாமி விவேகானந்தர் பெயரிலான தேசிய மறுவாழ்வுப் பயிற்சி நிறுவனமும், கொல்கத்தாவில் இயக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் நுழைவுத் தேர்வு வைத்து முதுகலைக்கு எடுக்கிறார்கள். மும்பை கே.இ.எம்.மில் பழைய பள்ளி இன்றும் நடக்கிறது. அரசு நிறுவனத்தில் செலவு குறைவு, நோயாளிகள் அதிகம். ஊர் தூரம், மொழி வேறு. இந்தத் தொழிலில் மொழி சின்ன விஷயமில்லை. "வீட்டில் என்ன வேலை செய்ய முடியாமல் இருக்கிறது?" என்று நோயாளியிடம் அவர் பாஷையில் கேட்க முடியாதவர், பந்தைத்தான் கொடுப்பார். போவதென்றால் போய் முதல் மூன்று மாதத்தில் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ளும் தைரியத்தோடு போங்கள்.

விண்ணப்பிக்கும்முன் அந்தத் துறைக்கு நேரில் போங்கள். அலுவலகத்தில் கட்டணப் பட்டியலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். துறைத் தலைவர் தானே நோயாளி பார்க்கிறாரா? வாரம் ஒருமுறை நோயாளி விவரத்தை எல்லோர் முன்னும் வைத்து அலசுகிறார்களா, அல்லது பரீட்சைக்கு முன்பு மட்டுமா? வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் உண்டா? மனநல வார்டில் எத்தனை வாரம்? எம்.ஓ.டி. மாணவர்களைச் சம்பளமில்லாத ஊழியர்களாக நடத்துகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அந்த மாணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், நீங்கள் புரிந்துகொள்வீர்கள். நூலகத்தில் பழைய ஆய்வேடுகளின் தலைப்புகளையும் புரட்டுங்கள். ஒரே அச்சில், முப்பது பேர், இரண்டு குழு, இரண்டு சிகிச்சை, எது மேல் என்ற கணக்கு — எல்லாம் இப்படியே இருந்தால் அங்கே யாரும் புதிதாக யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆய்வேடு என்றதும் உங்கள் மார்க்கெட்டுக்கு வருகிறேன். உங்களுக்குக் கிடைத்திருக்கும் களம் எங்களில் பலருக்குக் கிடைக்காதது. கைத்திறனை அளக்க நாம் பயன்படுத்தும் ஜெப்சன் சோதனை 1969-இல் அமெரிக்காவில் வந்தது. அதில் சாப்பிடுவதை அளக்க, காய்ந்த அவரை விதைகளைக் கரண்டியால் எடுத்துப் போடச் சொல்வார்கள். சோற்றைப் பிசைந்து, உருட்டி, கட்டைவிரலால் தள்ளி வாயில் போடுகிறவரின் கையைப் பற்றி அது என்ன சொல்லும்? 1965-இன் பார்த்தெல் அளவுகோலில் ரொட்டியில் வெண்ணெய் தடவுவது வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் பாண்டியில் சில வீடுகளில் பொருந்தலாம், உங்கள் சித்தப்பாவுக்குப் பொருந்தாது. இவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உலகத்தோடு ஒப்பிட அவை வேண்டும். அவற்றுக்குப் பக்கத்தில் வைக்க நம்முடையது ஒன்று வேண்டும்.

பூக்கட்டும் பெண்களைப் பாருங்கள். இடது கை விரல் இடுக்குகளில் மல்லியை எதிரெதிராக அடுக்கி, வலது கையால் நூலைச் சுற்றி இழுக்கிறார்கள். சிலர் நூலின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டியதை முழம் போட முழங்கை முழுதாக நீள வேண்டும். இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்து ஒன்றாக முடியும் இந்தச் செயலை, நிலை நிலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிடி, எவ்வளவு நேரம், எங்கே கண் தேவை, எங்கே கண்ணை மூடியும் முடியும் என்று எழுதினால் அதுவே ஓர் ஆய்வு. மீன் பகுதியில் அருவாமனையைக் காலால் அழுத்தி உட்கார்ந்து வெட்டும் அம்மாக்களின் முழங்காலும் இடுப்பும் இன்னொன்று. மூட்டை தூக்குகிறவரின் கழுத்து இன்னொன்று. பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டுவது பற்றி வியாபாரிகளுக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அதில் பக்கம் சாயவில்லை. ஆனால் எப்படிக் கட்டினாலும், சக்கர நாற்காலியில் வருகிறவர் காய் வாங்கவும் கடையில் உட்காரவும் முடியுமா என்று அளந்து சொல்ல வேண்டியவர் நம் தொழில்காரர். சாய்தளம் பன்னிரண்டடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது என்று மத்திய அரசின் 2021 வழிகாட்டி நெறிகளே சொல்கின்றன. இன்றைய சந்துகளின் அகலம் எவ்வளவு, படிகள் எத்தனை என்று ஒரு டேப்பை வைத்துக்கொண்டு அளந்தால் அதுவும் ஆய்வின் தொடக்கம்தான். ஒரு எச்சரிக்கை: தெரிந்த மனிதர்கள், சொந்தக் கடைத்தெரு என்பதற்காக நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் யாரிடமும் தகவல் திரட்டாதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில், அவர்கள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். மறுத்தால் அத்தையாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

எந்தப் பிரிவு? இப்போது எல்லோரும் குழந்தைகள் பக்கம் ஓடுகிறார்கள். ஆட்டிசம் பற்றிய விழிப்புணர்வு கூடியிருக்கிறது, சென்டர்கள் பெருகுகின்றன, வேலை உடனே கிடைக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் இந்தத் தொழில் பிறந்ததே மனநல மருத்துவமனைகளில்தான், அங்கேதான் இன்று ஆளில்லை. நாலைந்து வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட ஓர் இளைஞரைக் காலையில் குளித்து, பஸ் ஏறி, ஒரு வேலையில் மூன்று மணி நேரம் இருக்க வைப்பதற்கு எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதைச் சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு போன்ற இடத்தில் சில நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் உங்கள் மனம் பெரியவர்களின் நரம்பியல் பக்கம் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சித்தப்பாவுக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்தடுத்து முன்பின் தெரியாத நாற்பது சித்தப்பாக்கள் வந்தாலும் அலுக்காதா என்று கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

என் ஆலோசனை: இந்த வருடம் எம்.ஓ.டி. வேண்டாம். ஒன்றிரண்டு வருடம் வேலை பாருங்கள், பிறகு சேருங்கள். நோயாளி முன்னால் திணறிய அனுபவம் இல்லாதவருக்கு முதுகலை வகுப்பில் கேட்க ஒன்றும் இருக்காது. கூப்பிட்ட சென்டரில் சம்பளத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: அங்கே உங்களுக்கு மேலே அனுபவமுள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் தினமும் இருப்பாரா? இல்லையென்றால் சம்பளம் அதிகமாக இருந்தாலும் போகாதீர்கள். ஊஞ்சலும் பந்துக் குளமும் வைத்து முக்கால் மணி நேரம் ஆட்டிவிட்டு, அதற்கு ஜீன் ஏயர்ஸ் வகுத்த சென்சரி இன்டகிரேஷன் என்று பெயர் சூட்டும் இடங்கள் இருக்கின்றன. அங்கே இரண்டு வருடம் இருந்தால் கற்றது மறந்துபோகும். குழந்தை வீட்டில் தானே சட்டை போடுகிறதா, பள்ளியில் உட்காருகிறதா என்று மாதாமாதம் பெற்றோரிடம் கேட்டு எழுதிவைக்கும் இடமென்றால் சேரலாம். இடையில் வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகளுக்கு நிறைய விளம்பரம் வரும். ஒன்றிரண்டு நல்லவை. ஒன்றும் எம்.ஓ.டி.க்கு ஈடாகாது.

வேலைக்குப் போகும்முன் சித்தப்பாவோடு ஒரு மாதம் உட்காருங்கள். கனடாவில் உருவாகி 1991-இல் வெளிவந்த சி.ஓ.பி.எம். என்ற மதிப்பீட்டு முறை உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். எந்த வேலை முக்கியம், இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று அவரையே பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். முடிச்சு, கவர், சில்லறை என்று மூன்றை அவர் உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார், மதிப்பெண்தான் பாக்கி. அவரைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு மூத்த தெரபிஸ்டிடமும் காட்டிவிட்டு, கடையிலேயே பயிற்சியை வையுங்கள். வியாபாரம் தளர்ந்திருக்கும் மதிய நேரம் சரியாக இருக்கும். மாதக் கடைசியில் மறுபடி மதிப்பெண் கேளுங்கள். ஏறவில்லையென்றால் ஏன் என்று எழுதுங்கள். பிற்பாடு எம்.ஓ.டி. நேர்காணலில் உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்.

கடைசியாக, வெளிநாடு. அமெரிக்கா போக நினைத்தால், வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியை அந்நாட்டின் தேசியச் சான்று வாரியம் முதுகலை நிலைக்கு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தேர்வெழுத விடும். அதற்குப் பின் எந்த மாநிலத்தில் வேலையோ அந்த மாநிலத்தின் உரிமம். அங்கே எம்.ஓ.டி. கை கொடுக்கும். பிரிட்டனில் வழி வேறு: ஹெச்.சி.பி.சி. என்ற பதிவு அமைப்பு உங்கள் பி.ஓ.டி. பாடங்களையும் களப்பயிற்சியையும் வைத்தே பரிசீலிக்கும். இரண்டுக்குமே உங்கள் கல்லூரி எழுதித்தரும் பாடவாரியான மணிக் கணக்கு வேண்டும். போகிறீர்களோ இல்லையோ, ஆசிரியர்கள் மாறுவதற்குள், உங்கள் களப்பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி இரண்டு பிரதி எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.